புதன்கிழமை தொடங்கிய வகுப்பு

"ஞாயிற்றுக்கிழமையான இன்று முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவரும் மாணவியரும் ஒரே அறையில் பயில்வார்கள்." பள்ளிக் கோப்பிலுள்ள சுற்றறிக்கை இப்படித் தொடங்குகிறது. துபாயின் சத்வாவில் ஒரு வில்லாவில் பிறந்த பள்ளி; ஞாயிறு அப்போது அங்கே வேலை நாள். மாடியில் பெண்கள், கீழே பையன்கள். இடைவேளைகூட வேறு வேறு நேரம். ஆய்வகமோ மாடியில் மட்டும். பையன்களுக்குச் சோதனையெல்லாம் கரும்பலகையில்தான். ஆண்டு மலருக்குப் பள்ளி வரலாறு எழுத ஒப்புக்கொண்ட நான், இருபாலர் வகுப்பு பிறந்த நாளாக அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

வேதியியல் ஆசிரியை படித்துவிட்டுச் சிரித்தார். திருநெல்வேலிக்காரர், இந்த மாதம் ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறார்.

"ஞாயித்துக்கிழம வந்தது பேப்பர்தான், தம்பி. முந்தின புதன்கிழமையே பயலுவள நான் மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். கீழ ஏசி படுத்துட்டு. பிள்ளைகள வேக வைக்கவா சொல்லுதீய?"

"ஆதாரம் ஏதாவது இருக்கா, மிஸ்?"

"ஆதாரத்துக்கு நான் எங்க போவேன்? எனக்குச் சால்வையும் வேண்டாம், கேடயமும் வேண்டாம். அந்த ஒரு வரி மட்டும் சரியா இருக்கட்டும்."

மலர் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். வீட்டில் புலம்பினேன். என் மனைவி அந்த வகுப்பில் படித்தவள்.

"புதன்தான். வாரத்துல அன்னிக்கு மட்டும்தான் ஹவுஸ் டி-ஷர்ட். மஞ்ச டி-ஷர்ட் ஒண்ணு எங்க பெஞ்சுல வந்து உட்கார்ந்து, பயத்துல நீலக் காப்பர் சல்ஃபேட்ட மேலயே கொட்டிக்கிச்சு. வயிறு பூரா பச்சை! லஞ்ச் வரைக்கும் சிரிச்சோம்."

"ஞாயிற்றுக்கிழமை?"

"வெள்ளச் சட்டை. போதுமா, இல்ல அந்த டி-ஷர்ட்டத் தேடிட்டு வரணுமா, வரலாற்றாசிரியரே?"

வரியை மாற்றினேன்: 'சுற்றறிக்கைக்கு முந்தைய புதன்கிழமை, வேதியியல் ஆசிரியையின் முடிவால்.' மெய்ப்புப் பிரதியில் அந்த வரியை அவர் இரண்டு முறை படித்தார். போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"கலாஸ். இனி பெட்டி கட்டலாம்."

வாசலில், அந்தக் காலத்திலிருந்தே ஏசி பார்க்கும் பாயைச் சந்தித்தேன். பழுதுபார்த்த நாளும் தெரிந்தால் ஓர் அடிக்குறிப்பு போடலாமே என்று கேட்டேன்.

"நீச்சே வாலா ஏசி? ப்ராப்ளம் மாஃபி, பாய். மேடம் நே பந்த் கியா" என்று சிரித்தார். கீழ் ஏசியில் கோளாறே இல்லையாம், மேடம்தான் அணைத்தாராம்.

திரும்பிப் போய் ஆசிரியையிடமே கேட்டேன்.

"கெமிஸ்ட்ரி கேளுங்க, தம்பி, சொல்லுதேன். கரண்டு சமாச்சாரம் எனக்கென்ன தெரியும்?"

ஆகவே அடிக்குறிப்பு இவ்வளவுதான்: அன்று கீழ்த்தள ஏசி உண்மையிலேயே பழுதானதா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.