க்யூவில் நின்ற பை

பொங்கலுக்கு முந்தின நாள் காலை. டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மஞ்சள் கொத்து விற்கிற தமிழ்க் கடை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், மோப்ப நாய், மணல் மூட்டை எல்லாம் வந்துவிட்டன, கடை வாசலில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஜவுளிக்கடைப் பைக்காக. ஊர் சுற்ற வந்தவன் இதை விடுவேனா? போலீஸ் கட்டிய கயிறுவரை முண்டியடித்துப் போய்விட்டேன்.

பக்கத்தில் மஃப்ளர் சுற்றிய ஒருவர் என் காதில் கிசுகிசுக்கிறார். "தம்பி, அது என் பை. இடம் போட்டுட்டு டீ குடிக்கப் போனேன்."

"போய்ச் சொல்லுங்க சார்."

"உள்ள தூக்கி வச்சுட்டா? மஞ்சள் கொத்து இல்லாம போனா வீட்டுலயும் அதே கதிதான்."

வெடிகுண்டு நிபுணர் ஒருவர் கவச உடையோடு வந்து நீளக் கம்பியால் பையைக் கவிழ்க்கிறார். உள்ளேயிருந்து மடித்த இன்னொரு பை விழுகிறது. "யாருடையது?" என்று இன்ஸ்பெக்டர் இந்தியில் அதட்டுகிறார். மஃப்ளர்க்காரர் என் முதுகுக்குப் பின்னால் பதுங்குகிறார்.

கயிற்றை அவிழ்க்கிறார்கள். கடை ஷட்டர் உயர்கிறது. மொத்தக் கூட்டமும் பாய்கிறது.

"சாப், அது என்னுது," என்று இந்தியில் கத்திக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறார் மஃப்ளர்க்காரர். இன்ஸ்பெக்டரின் வசவுக்கெல்லாம் பணிவாகத் தலையாட்டுகிறார். கால் மட்டும் பை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அவர் முதுகை ஒட்டி, க்யூவில் இரண்டாவது ஆளாக நான் நிற்கிறேன்.