வாழைநார் என்று சொன்னோம்

வினிகர் பாட்டிலின் மூடியைத் திறந்தால் போதும், மூக்கில் ஏறும் அந்தப் புளிப்பு நெடியோடு திருச்சிக் கல்லூரியின் ஆய்வுக்கூடம் வந்து நின்றுவிடும். எண்பதுகளின் தொடக்கம். கசாப்புக் கூடத்திலிருந்து மாட்டுக் கால் தசைநாண்கள் பனிக்கட்டிக்குள் புதைந்து வரும். கழுவி, அரைத்து, வினிகரில் உள்ள அதே அமிலத்தில் ஊறவைத்தால் கஞ்சி போலக் குழையும். அதுதான் கொலாஜன், நம் தோலைத் தோலாகப் பிடித்து வைத்திருக்கும் புரதம். கண்ணாடித் தட்டில் ஊற்றிக் குளிர்ச்சியில் காயவைப்போம். கரண்ட் போய் அறை சூடானால் அத்தனையும் வெறும் பசை. போகாவிட்டால், வெங்காயச் சருகைப் போல மெல்லிய ஒரு தாள். தீப்புண்ணில் ஒட்டினால் அதன் அடியில் புதுத் தோல் வளரும்; வளர வளரத் தாள் தானே காய்ந்து உதிரும்.

மாலையில் பஸ் காவிரிப் பாலம் ஏறும்போதே புடவைத் தலைப்பை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் பின்சந்து வழியாக நுழைந்து, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடுதான் உள்ளே போகவேண்டும். பஸ்ஸில் யார் யாரையோ தொட்டிருப்பேன் என்பது அம்மாவின் கணக்கு. காலேஜில் எதைத் தொட்டேன் என்று கேட்டதில்லை. "காயத்துக்கு மருந்து பண்றா" என்பதோடு தெருவில் என் பெருமை முடிந்துவிடும்.

அந்த வருஷம் பம்ப் ஸ்டவ் வெடித்து, அண்ணன் மனைவிக்கு வலது கை முழுக்க வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் துணியோடு புதுத் தோலும் பிய்ந்து வரும். மன்னி கத்துவது வராந்தா முனைவரை கேட்கும். எங்கள் தாளை அங்கே ஏற்கெனவே சிலருக்கு ஒட்டியிருந்தார்கள். "பேஷண்ட் சரின்னா நாளைக்கே ஒட்டிடலாம்மா" என்றார் டாக்டர்.

அம்மா கட்டிலருகே இருந்தாள். "எதுலடி பண்றேள் அதை?"

"புரதம்மா."

"புரதம்னா? பருப்பா?"

ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்து, வெந்நீர் தீர்ந்துவிட்டது என்றேன். அம்மா வெந்நீர் வாங்க எழுந்து போனதும் மன்னி கேட்டாள்: "என்கிட்டயாவது சொல்லு."

மாட்டுக் காலிலிருந்து என்றேன். மன்னி கதவுப் பக்கம் திரும்பி, அம்மா வரவில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் கட்டுப் பிரிச்சா உசுரு போயிடும். ஒட்டச் சொல்லு. அம்மாகிட்ட வாழைநார்னு சொல்லிக்கலாம்."

"தெரிஞ்சுதுன்னா, மன்னி?"

"தெரிஞ்சா என்னை அடுக்களைப் பக்கமே விடமாட்டா. அதனாலதான் சொல்றேன்."

அம்மா திரும்பியதும் மன்னியே சொன்னாள். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பெருமாளுக்குப் பூத் தொடுக்கற நாரா! இதைச் சொல்றதுக்கா இப்படி முழிச்சே?"

தாள் பிடித்துக்கொண்டது. மன்னி வீட்டுக்கு வந்தாள். கை ஆறிக்கொண்டே வந்தது. உதிர்ந்த துணுக்குகள் யார் காலிலும் படக்கூடாதென்று அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துளசி மாடத்தில் போட்டாள். நானும் மன்னியும் பார்த்துக்கொண்டு நின்றோம். தெருவில் செய்தி பரவி, யாராவது நனைத்த நார்க்கட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். "உங்காத்துப் பொண்ணு மருந்துக்கு ஆகட்டுமே." அதையும் சுமந்து பாலம் கடந்து, காலேஜ் வாசலில் பூ விற்பவளிடம் கொடுப்பேன். "நாருக்குப் பஞ்சமே இல்லாத மகராசிம்மா நீங்க" என்று சிரிப்பாள் அவள்.

பெருமாள் குணமாக்கிய கை. இனி அந்தக் கையால்தான் தளிகை என்று அம்மா விதித்துவிட்டாள். மன்னி தினமும் அடுப்படியில் நின்று சமைத்தாள். பாத்திரத்தைப் பெருமாள் முன் வைக்கும்போது மட்டும் முந்தானையை இழுத்து வலது கையை மூடிக்கொள்வாள். தழும்புக்குக் கூச்சப்படுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

மெட்ராஸில் எனக்கு வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று அண்ணன் பெட்டியை ஆட்டோவில் வைத்துக்கொண்டிருந்தான். அம்மா முறுக்குப் பொட்டலம் எடுத்துவர உள்ளே போனாள். வாசலில் மன்னி மட்டும் நின்றாள்.

"மன்னி, அம்மாகிட்ட சொல்லிட்டே போயிடட்டுமா?"

"சொல்லிட்டு நீ ரயில் ஏறிடுவே. நான் எங்கேடி போறது?"