கதவுக்கு வெளியே மூன்று ஜோடிச் செருப்புகள்

காலை பத்து நாற்பது. நான் முதலில் பார்த்தது மூன்று ஜோடிச் செருப்புகளை. ஸ்டூடியோ கதவின் முன், சுவரை ஒட்டி நேராக வைத்திருந்தார்கள். இரண்டு ஜோடி பெண்பிள்ளைகளுடையவை. மூன்றாவது பையனுடையது, நீல வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு கதவுக்கு மேலே எரிந்தது. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதில் பூட்டு தொங்கியது.

எதுவுமே வழக்கத்துக்கு மாறாக இல்லை.

பாறசாலைக்குத் தெற்கே, மாநில எல்லையை ஒட்டிய பள்ளி அது. பத்திரிகை வேலையை விட்ட பிறகு வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்க்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு செய்தி நிகழ்ச்சி தயாரிப்பார்கள். எழுதவும் வாசிக்கவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கம்ப்யூட்டர் லேபை ஒட்டியிருந்த பழைய சாமான் அறைதான் ஸ்டூடியோ. ஜன்னலைத் தெர்மோகோலால் அடைத்திருந்தோம். சுவரெல்லாம் முட்டை அட்டைகள். கதவின் உட்பக்கம் ஒரு பழைய மெத்தையை ஆணியடித்திருந்தோம். கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் துணியைத் திணித்திருந்தோம். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் கொடுத்த இரண்டு பெரிய விளக்குகள் இருந்தன.

பதிவு நடக்கும்போது சின்ன வகுப்புப் பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அதனால் வெளியே தாழ்ப்பாள். தாழ்ப்பாளை இழுத்து விளையாடினார்கள், அதனால் பூட்டு. சாவி அட்டெண்டரின் சட்டைப்பையில் இருக்கும். இருபது நிமிடம் கழித்து அவர் வந்து திறப்பார். ஒரு வருடமாக இதுதான் நடைமுறை. ஒரு வருடமாக நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேபின் வாசலில் இரண்டு அறைகளுக்குமான பாதுகாப்பு விதிகளை அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும். தண்ணீர் பாட்டில் கூடாது. காலில் தட்டாதபடி வயர்களைச் சுருட்டிக் கட்டி வைக்க வேண்டும். தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் தலைமை ஆசிரியையின் அறையில், பீரோவுக்குப் பின்னால் இருந்தது. யாரோ ஒரு பிள்ளை அதன் ஊக்கைப் பிடுங்கிய நாளிலிருந்து அங்கேதான் அதற்கு இடம்.

லேபில் போய் உட்கார்ந்தேன். கருகல் வாடை வந்தது.

"டீச்சரே, ஏதோ கருகுதே."

லேப் டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது புகைப்புரையாக்கும் சாரே. உங்களுக்கு எல்லாத்திலயும் ஒரு நியூஸ் வேணும்."

முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதிலுக்கு அப்பால் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகை, புகைப்புரை, ஒன்று உண்டு. வருடத்தில் பாதி நாள் அந்தப் புகை எங்கள் எல்லோருடைய சட்டையிலும் இருக்கும். இந்தப் பக்கத்தில் புகை வாடை வந்தால் யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

அப்போதுதான் காலையில் பஸ் ஸ்டாப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. புகைப்புரையின் சொந்தக்காரர் குடைக்குள் நின்று சொன்னார்: "மழை விட்டாத்தானே சாரே ரப்பர் வெட்டு உண்டு? எட்டு நாளா புரைக்குத் தீ வைக்கல்ல."

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். புரையின் ஓடுகள் நனைந்து கறுத்துக் கிடந்தன. புகை இல்லை. புரையின் கதவில் பூட்டு.

திரும்பி வந்து ஸ்டூடியோ கதவின் அடியைப் பார்த்தேன். திணித்திருந்த துணியின் ஓரம் பழுப்பாகியிருந்தது. கதவில் காதை வைத்தேன். மெத்தையில் யாரோ கையால் அடிக்கும் சத்தம். மெல்ல, இடைவெளி விட்டு.

"சாவி எங்க?"

"அட்டெண்டர் அண்ணன் கையிலயாக்கும்." டீச்சர் எழுந்துவிட்டார். "அண்ணன் கஞ்ஞிக்குப் பயறு வாங்க ஜங்ஷனுக்குப் போச்சு."

டீச்சர் மெயின் சுவிட்சை அணைத்தார். லேபில் விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. ஸ்டூடியோவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கரண்ட் போனால் செய்தி பாதியில் நிற்கக் கூடாது என்று ஸ்டூடியோவுக்கு லேபின் யூபிஎஸ்ஸிலிருந்து லைன் கொடுத்திருந்தோம். அதையும் அணைக்க அவர் மேஜைக்கு அடியில் புகுந்தார்.

நான் தோளால் இரண்டு முறை இடித்தேன். கதவு அசையவில்லை. மதியக் கஞ்சி சமைக்கும் அக்கா, லேப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டு ஓடி வந்தார். கதவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், திரும்பி ஓடினார். அம்மிக்குழவியோடு வந்தார்.

"மாறி நில்லுங்க சாரே. காலில விழும்."

மூன்றாவது அடியில் தாழ்ப்பாள் பூட்டோடு பெயர்ந்து விழுந்தது.

புகை கூரையிலிருந்து மேஜை உயரம் வரை இறங்கியிருந்தது. கேமராவைப் பார்த்துக்கொள்ளும் எட்டாம் வகுப்புப் பெண் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். மெத்தையில் அடித்த கை அவளுடையது. விளக்குகளைக் கவனிக்கும் பையன் தரையில் கவிழ்ந்து கிடந்தான். செய்தி வாசிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் குனிந்து இருந்தாள். காகிதம் கையில் இருந்தது. அவளுக்குப் பின்னால் முட்டை அட்டைகள் ஓரமோரமாகச் சிவந்துகொண்டிருந்தன.

மூவரையும் வெளியே இழுத்தோம். மழையில் வைத்து முகத்தைத் துடைத்தபோது செய்தி வாசித்த பெண் என்னிடம் முதலில் சொன்னது இது: "சார், ரெண்டு வரி பாக்கி உண்டு."

பையனைக் காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கிடந்தான். பிழைத்தான்.

தீயை அணைத்த பிறகு, அது தொடங்கிய இடம் அன்று மாலை தெரிந்தது. இரண்டு விளக்குகளுக்கும் கரண்ட் கொண்டுபோன நீள வயர், விதிப்படி, சுருட்டிக் கட்டப்பட்டு திரைக்குப் பின்னால் இருந்தது. அந்தச் சுருள் சூடேறி உருகி ஒரே கட்டியாகியிருந்தது.

கேமராவின் மெமரி கார்டு கெடவில்லை. ஆசிரியர் அறையில் வைத்துப் பார்த்தோம். பொழியூரில் கடல் ஏறுவதைப் பற்றிய செய்தியை அவள் தொடங்கும்போது தோளுக்குப் பின்னால் ஒரு சாம்பல் கோடு தெரிகிறது. "எலே, என்னமோ பத்துது" என்கிறது பையனின் குரல். அவள் வாசிக்கிறாள். "மக்கா, எழும்பு. எழும்பு மக்கா" என்கிறாள் கேமராப் பெண். படம் ஆடுகிறது. வாசிப்பவள் இருமுகிறாள். "மன்னிக்கவும்" என்கிறாள். பக்கத்தைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். நான் எண்ணினேன். அதற்குப் பிறகு ஏழு வாக்கியங்கள்.

அவள் கையிலிருந்த காகிதத்தின் தலைப்பில் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. எல்லாக் காகிதத்திலும் அதை எழுதிக் கொடுப்பது என் வழக்கம்: எது நடந்தாலும் இடையில் நிறுத்தக் கூடாது.

பெற்றோர் கூட்டத்தில் அட்டெண்டர் அழுதார். டீச்சர் விதிகளை வாசித்துக் காட்டினார்; ஒன்றும் மீறப்படவில்லை. பையனின் அப்பா பின்வரிசையில் நின்று என்னைக் கேட்டார்: "செருப்பு வெளியில கிடந்ததுனாலதான் உள்ள ஆளு உண்டுன்னு தெரிஞ்சுது, இல்லியா சாரே?"

"ஆமா" என்றேன்.

"அப்பம் இனி செருப்பை மட்டும் ஒழுங்கா கழத்தச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. முட்டை அட்டைகளைப் பிரித்துவிடுவது, பெரிய விளக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவது, பலமான கதவு போடுவது என்று முடிவெடுத்துக் கூட்டம் கலைந்தது. நான் வாசிப்புக் காகிதங்களைத் தலைப்பு வரி இல்லாமல் புதிதாக எழுதினேன். செய்தி வாசிக்கும் பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த வரி எனக்கு மனப்பாடம் சார்" என்றாள்.

அடுத்த மாதம் ஸ்டூடியோவுக்கு இரும்புக் கதவு வந்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.