பேட்டரியில் போட்ட ஹீட்டர்

பேட்டரியில் ஹீட்டர் ஓட்டக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? உத்திரமேரூரில் பேட்டரி விற்றவரே தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒரு வாரக் கோழிக்குஞ்சுக்கு அதெல்லாம் புரியாது. கார்த்திகை மழையில் கரண்ட் போய்ச் சூடு குறைந்தால், ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

அதனால் அந்த இரண்டு பேட்டரிகளையும் பிள்ளைத்தாய்ச்சியைப் போலப் பார்த்துக்கொண்டேன். இருப்பதிலேயே சின்ன ஹீட்டர், சூடு ஏறினால் தானாக நிற்கிற வகை. கொட்டகையில் உமியைக் கனமாகப் பரப்பி, சுற்றிலும் சாக்கு கட்டி, காற்றுக்கு மேலே மட்டும் வழி விட்டிருந்தேன். உள்ளே சூடு தங்கினால் ஹீட்டர் அதிகம் ஓட வேண்டாம். சார்ஜ் பாதிக்கு இறங்கினால் அதை அணைத்துவிட்டு, கனலும் கரிச்சட்டி வைப்பேன். பாதிக்குக் கீழே ஒருநாளும் விட்டதில்லை.

அன்றைக்குக் காலையில் தீவனம் வாங்க உத்திரமேரூர் போயிருந்தேன். மழையில் கரண்ட் போய்விட்டது. நான் பதறவில்லை. கிளம்பும்போது இன்வெர்ட்டர் முழுச் சார்ஜ் காட்டியது. மத்தியானம் வரை தாங்கும். வந்து பார்த்தால் இன்வெர்ட்டர் செத்துக் கிடந்தது. குஞ்சுகள் மூலையில் குவியலாகக் கிடந்தன. பாதிக்கு மேல் போய்விட்டன.

பக்கத்து வீட்டிலிருந்து என் தம்பி ஓடி வந்தான். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். அக்காவான நானும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பேட்டரில ஹீட்டர் போடாதன்னு எத்தினி தபா சொல்லிக்கினு கீறேன்? நீயே காலி பண்ணிட்டியேக்கா," என்றான். அவனே குழி வெட்டினான், அழாதே என்று தண்ணீர் கொடுத்தான். நான் நம்பினேன். என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று பல நாள் சோறு இறங்கவில்லை.

அவன் இருமுடி கட்டும் நாளில்தான் விஷயம் வெளியே வந்தது. அரிசி போட வரிசையில் நின்றேன். அவனோடு மலைக்குப் போகிற ஒரு சாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கன்னி பூஜை அன்னிக்கு கரண்ட் இல்லாம ஒரே பேஜாரா பூட்ச்சிம்மா. உங்க வூட்டு பேட்டரிதான் மைக்செட்டு, லைட்டு எல்லாத்தையும் தாங்குச்சி. சார்ஜ் சுத்தமா தீந்து, நாலஞ்சு நாளு மைக்செட்டு வண்டிலயே கெடந்துச்சி."

முதல்முறை மலைக்குப் போகிறவர்களுக்காக நடத்தும் அந்தப் பூஜை, இந்தக் குஞ்சுகளை இறக்குவதற்கு முன்னால் நடந்தது; அப்போது நான் மகள் பிரசவத்துக்காகச் செங்கல்பட்டில் இருந்தேன். கொட்டகையை அவன் பொறுப்பில் விட்டிருந்தேன். சொட்டுச் சார்ஜ் இல்லாமல் உறிஞ்சி, மைக்செட் வண்டியிலேயே நாள்கணக்கில் போட்டுவைத்து, பிறகு பழைய இடத்தில் மாட்டி, முனைகளில் வாசலின்கூடத் தடவியிருக்கிறான். வெறுமையாகக் கிடந்த பேட்டரி பாழாகிவிடும். வெளியே முழுசாகக் காட்டும், உள்ளே ஒன்றும் நிற்காது. எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கரிச்சட்டி வைத்துவிட்டுப் போயிருப்பேன். பேட்டரி போனதைக்கூட மன்னிப்பேன். பழியை என் தலையில் கட்டிவிட்டு ஆறுதலும் சொன்னானே, அது துரோகம்.

என் முறை வந்தது. அரிசியைப் போட்டேன். மற்றவர்களைப் போல அவன் காலில் விழவில்லை.

"சாமி, என் பேட்டரிய எடுத்தியா?"

சரணம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"மலைக்குப் போய்ட்டு வந்து, மாலைய கழட்டிட்டு சொல்றேன்க்கா."

பொய்யை மட்டும் மாலையோடு சொல்ல முடிந்திருக்கிறது.