எங்கே போட்டீர்கள்?

கிளிநொச்சியில், டயர் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நெல் ஆலைத் தராசுகளுக்கான மென்பொருளைப் பொதியாகக் கட்டி அனுப்புவது என் வேலை. கட்டுகிற கருவியை நான்தான் எழுதினேன். நிரலின் பழைய பாதி சப்வெர்ஷன் என்ற சேமிப்பு முறையில் கிடந்தது, புதிய பாதி கிட் என்ற இன்னொன்றில். இரண்டையும் ஒன்றாக்கித் தாருங்கள் என்று கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஒருவரும் பதில் எழுதவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சப்வெர்ஷனில் கொமிட் செய்தால், அதாவது திருத்தத்தைப் பதிந்தால், நிரல் நேரே பொதுச் சேர்வருக்குப் போய்விடும்; என் கருவி நிரலை எடுப்பது அங்கிருந்துதான். கிட்டில் அது எங்கள் கணினியிலேயே இருக்கும். புஷ் என்று இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் போகும். எங்கள் அலுவலகத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்: போட்டிட்டன்.

ஓமந்தையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்ணொருவர் தகுதிகாண் காலத்தின் கடைசி வாரத்தில் இருந்தார். முன்பு வேலை செய்த இடத்தில் அவருக்கு சப்வெர்ஷன் மட்டுமே பழக்கம். நெல்லின் ஈரத்துக்காகக் கழிக்கும் எடை பிழையாக வந்தது. அதைத் திருத்தும் பொறுப்பு அவருடையது. அந்தப் பகுதி கிட்டில் இருந்தது.

"தங்கச்சி, திருத்தினதைப் போட்டிட்டீங்களோ?"

"ஓம் அண்ணா, போட்டிட்டன்."

பொதியைக் கட்டி அனுப்பினேன். அடுத்த நாள் துணுக்காய் ஆலையில் அதே பிழை, நெல் கொண்டுவந்தவர்களோடு பெரிய சண்டை. கொழும்பு மேலாளர் வீடியோவில் வந்து, எல்லோருக்கும் முன்னால், "பொய் சொல்ற ஆளுக்கு இங்க வேலை இல்ல" என்றார். அவரைத் தடுக்காமல் நானும் அவரோடு சேர்ந்து அந்தப் பெண்ணிடம் கத்தினேன்.

"போட்டிட்டன் எண்டு சொன்னனீங்கள்தானே! எங்கை போட்டனீங்கள்?"

அவர் லப்டொப்பை என் பக்கம் திருப்பினார். திருத்தம் இருந்தது. நான் கேட்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே கொமிட் செய்திருக்கிறார்; புஷ் மட்டும் செய்யவில்லை.

"இதிலைதான் போட்டனான். போட்டிட்டீங்களோ எண்டுதான் கேட்டனீங்கள் அண்ணா. எங்கை எண்டு இண்டைக்குத்தான் கேக்கிறியள்."

எனக்கு முகம் எரிந்தது. பொதிக்குள் எந்தத் திருத்தம் வரை வந்திருக்கிறது என்பதை என் கருவி சப்வெர்ஷனுக்கு மட்டும் காட்டும். கிட்டுக்கு அந்த நாலு வரியை எழுதாமல், பிறகு பார்ப்போம் என்று விட்டவன் நான். அவை இருந்திருந்தால் பழைய நிரல் என்று அப்போதே தெரிந்திருக்கும். கொழும்பைத் திட்டிக்கொண்டே என் சோம்பலை மறைத்திருக்கிறேன்.

உடனே மேலாளருக்குப் போன் எடுத்தேன்.

"பிழை என்ரை, சேர். அவவிலை ஒரு பிழையும் இல்லை."

"சரி, இப்ப என்ன செய்ய? வேலையால நிப்பாட்டுற கடிதம் போட்டாச்சு."

"எங்கை போட்டனீங்கள்? உங்கடை கொம்பியூட்டரிலையோ, அவவுக்கோ?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னும் அனுப்பல்ல."

"அப்ப அது அங்கையே கிடக்கட்டும்" என்றேன்.