நெட்டா கூர்லேயின் நடுங்கும் கை

பிரிட்டனின் கடலோர ஊரான பிட்கார்வியில் கோல்ஃப் மைதானம் ஊருக்குச் சொந்தம். கசாப்புக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஆடுவார், பாதிரியார் பிரசங்கத்தை முடித்துவிட்டு ஆடுவார், துணி உலர்த்துகிற பெண்கள் வேலி ஓரம் நின்று யார் எப்படி அடித்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வார்கள். அந்த ஊரில் ஆடத் தெரியாதவர்களைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். கடற்கரைச் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நெட்டா கூர்லே மட்டையைக் கையில் எடுத்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அவளுடைய கணவன் ஆர்ச்சி படகு எஞ்சின் மெக்கானிக். சீட்டாட்டத்தில் யாரிடமோ ஜெயித்த பழைய மட்டைகளைக் கொண்டுவந்து போட்டு, "சும்மா அடிச்சுப் பாரேன்" என்றான். சும்மா அடித்துப் பார்த்தவள் சில வருஷங்களில் மாவட்டத்திலேயே தோற்கடிக்க முடியாத பெண்ணாகிவிட்டாள்.

அப்புறம்தான் அந்தக் கை நடுக்கம் வந்தது.

மாவட்ட இறுதி ஆட்டம். குழிக்கு இரண்டடி தூரத்தில் பந்து. கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாலும் விழும். மட்டை பந்தைத் தொடுகிற கணத்தில் யாரோ பின்னாலிருந்து முழங்கையை வெடுக்கென்று இழுத்ததுபோல் அவள் வலது கை துள்ளியது. பந்து குழியைத் தாண்டி ஓடிவிட்டது. கூட்டம் 'ஐயோ' என்றது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் அடுத்த வாரமும் சறுக்கியது, அதற்கடுத்த வாரமும். தூரத்திலிருந்து உருட்டினால் கை கல்லாக நிற்கும். பேருந்தின் பெரிய சக்கரத்தைப் பிடித்தாலும் நடுங்காது. குழி பக்கத்தில் வந்தால் மட்டும் கை அவள் பேச்சைக் கேட்காது.

டாக்டர் அவள் விரல்களை மடக்கிப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. கொஞ்ச நாள் ஆடாம இருங்க" என்றார். பிட்கார்வியில் கொஞ்ச நாள் ஆடாமல் இருந்தால் ஏன் ஆடவில்லை என்று ஊர் முழுக்கக் கேட்கும். அதைவிட ஆடுவதே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆர்ச்சியைத் தவிர வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை. மறைக்க ஒரு வழியையும் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு குழியையும் தனித்தனிச் சண்டையாக வைத்து, அதிகக் குழிகளை யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்கிற ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. எதிராளியின் பந்து குழிக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றால், "எடுத்துக்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். உருட்டாமலே உருட்டியதாகக் கணக்கு. அந்த ஒரு சொல்லை வாங்குவதற்காகவே நெட்டா உழைத்தாள். சாயங்காலம் பேருந்தை நிறுத்திவிட்டு, இருட்டும்வரை நாற்பதடி, ஐம்பதடி தூரத்திலிருந்து பந்தை உருட்டி உருட்டி, குழி வாசலில் கொண்டுபோய் உட்காரவைக்கப் பழகினாள். எதிராளிகள் மலைத்துப்போய் "எடுத்துக்குங்க நெட்டா, எடுத்துக்குங்க" என்றார்கள். மொத்த அடிகளை எண்ணுகிற போட்டிகளில் அந்தச் சலுகை கிடையாது. அவற்றில் அவள் பேர் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

"நேருக்கு நேர் மோதினாத்தான் அவளுக்கு ருசி" என்று ஊர் பேசிக்கொண்டது. பயத்தை ஊர் கர்வம் என்று எடுத்துக்கொண்டது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அந்தப் பெயர் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. ஒருநாள் அவள் மீனை மாவில் புரட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆர்டன் கோப்பை அணியின் தலைவி ரோஸ்மண்ட் ஹேல் பேசினார். பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த பெண்கள் அணி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அமெரிக்காவோடு மோதுகிற கோப்பை அது. சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய மேடை கிடையாது. இந்த முறை ஆட்டம் பக்கத்து ஊரிலேயே.

"உங்க நீள உருட்டல் மாதிரி நான் பார்த்ததே இல்ல நெட்டா. அணியில உங்களைச் சேர்த்திருக்கேன்."

நெட்டா வாயைத் திறந்தாள். 'எனக்கு ஒரு குறை இருக்கு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஆர்ச்சி சட்டியில் கருகிக்கொண்டிருந்த மீனைத் திருப்பிப் போட்டான். "சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா எடுப்பாங்களா? நாற்பத்திமூணு வயசு ஆச்சு ஆர்ச்சி. இன்னொரு தடவை கூப்பிடுவாங்களா?"

ஆர்ச்சி மீனைத் தட்டில் எடுத்துவைத்தான். போட்டியில் அவள் மட்டைப் பையைச் சுமக்கப்போவது தான்தான் என்று மட்டும் சொன்னான்.

முதல் நாள் ஜோடி ஆட்டத்தில் நெட்டாவுக்குத் துணையாகக் அயர்லாந்தின் கால்வேயிலிருந்து வந்த ஓர்லா டெவனியைப் போட்டார்கள். இருபத்தொரு வயது, வாய் ஓயாத பெண். ஜோடிக்கு ஒரே பந்து, இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளை நெட்டா தொடங்கிவைப்பாள், இரட்டைப்படைக் குழிகளை ஓர்லா. அன்றைக்கு அமெரிக்கப் பெண்கள் தாராளமாக இருந்தார்கள், எதைக் கண்டாலும் "எடுத்துக்குங்க"தான். நெட்டாவும் ஓர்லாவும் ஜெயித்துவிட்டார்கள். நெட்டாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று தப்பித்தோம், நாளைக்கு?

மறுநாள் காலைத் தனியாட்டங்கள் முடிந்து, பிற்பகல் ஜோடி ஆட்டங்களும் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியில் கோப்பை யாருக்கு என்பது மைதானத்தில் மிச்சமிருந்த ஒரே ஆட்டத்தில் வந்து நின்றது. அது நெட்டாவும் ஓர்லாவும் ஆடிய ஆட்டம். ஜெயித்தால் கோப்பை இங்கே. சமமானால்கூடப் போதாது, போன முறை ஜெயித்த அமெரிக்காவிடமே கோப்பை இருந்துவிடும். பதினைந்தாம் குழி முடிந்தபோது இவர்கள் இரண்டு குழி முன்னால் இருந்தார்கள். வேலி நெடுக ஆயிரக்கணக்கில் சனம். பிட்கார்வியே திரண்டு வந்திருந்தது.

பதினாறாம் குழியில் ஓர்லா உருட்டிய பந்து இரண்டடி தூரத்தில் நின்றது. நெட்டா, வரவேண்டிய சொல்லுக்காக எதிராளியைப் பார்த்தாள். கென்ட்ரா என்ற உயரமான அமெரிக்கப் பெண் வானத்தைப் பார்த்தாள், தன் ஷூவைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

நெட்டா பந்தின் மேல் குனிந்தாள். நடுக்கம் வெளியே தெரியாதபடி மட்டையை இறுக்கிப் பிடித்தாள். கை துள்ளியது. பந்து குழியின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை.

அந்தக் குழி அமெரிக்கர்களுக்குப் போயிற்று, இவர்களுடைய முன்னிலை ஒரு குழியாகக் குறைந்தது. கூட்டத்திலிருந்து பிட்கார்விக்காரர் ஒருவர், "அடியே நெட்டா, பஸ்ஸை ஸ்டாப்புல நிறுத்தத் தெரியுது, பந்தைக் குழியில நிறுத்தத் தெரியலையா!" என்றார். அவர் மனைவி அவர் வாயைப் பொத்தினாள்.

அடுத்த குழிக்குக் கடல் சுவரை ஒட்டி நடக்க வேண்டும். காற்று முகத்தில் அறைந்தது. ஆர்ச்சி பின்னால் பையோடு வந்தான். ஓர்லா ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்கு முன் நெட்டா நின்றுவிட்டாள்.

"ஓர்லா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அது கைதவறினது இல்ல. பக்கத்துல வந்தா எனக்குக் கை துள்ளும். ரொம்ப நாளா. யாருக்கும் தெரியாது."

ஓர்லா அவளையே பார்த்தாள். "எப்பவுமா?"

"எப்பவும்."

"அப்போ நேத்து பூரா... அதுக்கு முன்னாடி ஜெயிச்ச ஆட்டமெல்லாம்..."

"எல்லாம் 'எடுத்துக்குங்க'தான்."

ஓர்லா திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நெட்டா எதிர்பார்த்தாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கடவுளே! நாட்டுக்காக ஆட வந்த பொம்பளைக்கு ரெண்டடி உருட்ட வராது! இதைவிடத் துணிச்சல் எனக்கு இந்த ஜென்மத்துல வராது!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் சொல்லிடறேன். ரெண்டு நாளா ஒவ்வொரு காலையும் வாந்தி எடுத்துட்டுத்தான் வர்றேன். உங்களைப் பார்த்தா கல்லு மாதிரி நிக்கிறீங்க, இவங்க என்னைக் கேவலமா நினைப்பாங்களேன்னு சொல்லல."

"நானா கல்லு?" என்றாள் நெட்டா.

"ரெண்டு பேரும் சீக்கிரம் கல்யாணப் பேச்சை முடிங்க, அங்க நடுவர் கடிகாரத்தைப் பார்க்கறாரு" என்றான் ஆர்ச்சி.

பதினேழாவது குழி சமமானது. ஓர்லா உருட்டிய பந்து சாண் தூரத்தில் நிற்க, கென்ட்ராவுக்கே மனசு கேட்காமல் "எடுத்துக்குங்க" என்றாள். இனி ஒரே ஒரு குழி. ஒரு குழி முன்னால் இருப்பதால், அதைச் சமமாக்கிவிட்டாலே ஆட்டம் இவர்களுக்கு.

ஓர்லா தொடங்கினாள். நடுவிலேயே விழுந்தது. நெட்டா அடித்த இரண்டாவது அடி குழியைச் சுற்றி மழித்த புல்தரையில் ஏறி, தூரத்து மூலையில் போய் நின்றது. அமெரிக்கர்கள் மொத்தம் நான்கு முறை அடித்து அந்தக் குழியை முடித்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். இவர்களும் நான்கில் முடித்தாக வேண்டும். நீளமாக உருட்ட வேண்டியது ஓர்லா, மிச்சத்தை உருட்ட வேண்டியது நெட்டா. மாற்றிக்கொள்ள விதியில் இடமில்லை.

"உள்ளயே போட்டுடறேன், பாருங்க" என்றாள் ஓர்லா. முகம் வெளுத்திருந்தது. பந்து சரியான பாதையில்தான் வந்தது. வேகம்தான் கூடிப்போயிற்று. குழியின் விளிம்பை உரசிக்கொண்டு தாண்டி, மூன்றடி தள்ளி நின்றது.

"மன்னிச்சிடுங்க நெட்டா."

"போடி. நல்லா அடிச்ச."

நெட்டா பந்துக்கு மேலே குனிந்தாள். கை நடுங்கியது. எப்போதும் இந்த இடத்தில் அவள் செய்கிற வேலை அதை மறைப்பதுதான். விரல்களை இறுக்குவாள், தோளை இறுக்குவாள், பல்லைக் கடிப்பாள். இன்றைக்கு யாரிடம் மறைக்க? பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியும். பதினாறாம் குழியிலேயே ஊரும் பார்த்துவிட்டது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விரல்களைத் தளர்த்தினாள். நடுங்குகிற கையோடேயே மட்டையைப் பின்னுக்கு எடுத்தாள்.

கை துள்ளத்தான் துள்ளியது. ஆனால் கொஞ்சமாக. பந்து இடது பக்கம் ஒதுங்கிப் போய்க் குழியின் உதட்டில் ஏறியது. சுற்றியது. பின்பக்கமாக வந்து நின்றுவிட்டதுபோலத் தெரிந்தது. நெட்டா அதற்கு மேல் பந்தைப் பார்க்காமல் ஆர்ச்சியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் திறந்த வாயோடு உறைந்திருந்தது. அப்புறம் அவன் பையைத் தரையில் போட்டுவிட்டு அதன் மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். பந்து விழுந்த சத்தத்தை அவள் கேட்கவில்லை, கூட்டத்தின் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

ஓர்லா ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். நெட்டாவுக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. முதலில் மூச்சுதான் வந்தது. ரொம்ப நாளாக நெஞ்சுக்குள் பிடித்துவைத்திருந்த மூச்சு. கென்ட்ரா வந்து கை குலுக்கினாள். "அசிங்கமான உருட்டல்" என்றாள் சிரித்துக்கொண்டே. "நான் பார்த்ததுலயே அசிங்கம். ஆனா விழுந்துடுச்சே!"

"எனக்கே நம்பிக்கை வரல" என்றாள் நெட்டா. அதுதான் உண்மை.

கோப்பையைத் தூக்கிக் காட்டி, படமெல்லாம் எடுத்து முடிந்தபிறகு, அவள் ரோஸ்மண்டைத் தேடிப் போனாள். தலைவி உடைமாற்றும் அறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெட்டா நின்றபடியே முழுவதையும் சொன்னாள். டாக்டரிடம் போனது, 'எடுத்துக்குங்க' வாங்குவதற்காகவே நீள உருட்டல் பழகியது, தொலைபேசியில் வாய் வரை வந்து நின்றது.

ரோஸ்மண்ட் ஒரு ஷூவைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"அப்போ அந்த மூணடி..."

"எனக்கும் தெரியாதும்மா, விழும்னு."

"நெட்டா, இதை முன்னாடியே சொல்லியிருந்தா உங்களை நான் எடுத்தே இருக்க மாட்டேன்."

"அது தெரிஞ்சுதான் சொல்லல. தப்புத்தான்."

ரோஸ்மண்ட் கையிலிருந்த ஷூவைக் கீழே போட்டார். பிறகு, "யாராவது எனக்கு ஒரு விஸ்கி ஊத்துங்க" என்று கதவுப் பக்கம் பார்த்துக் கத்தினார். "இவங்களுக்கும் ஒண்ணு. பெரிசா!"

கை நடுக்கம் அதோடு போய்விட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் பிட்கார்வி முழுக்க அது தெரியும். சனிக்கிழமை ஆட்டத்தில் குழி பக்கத்தில் வந்ததும், "இருங்கடி, கை ஆடுது, அது அடங்கட்டும்" என்று நெட்டா உரக்கவே சொல்வாள். "அது அடங்கறதுக்குள்ள அலை உள்ள வந்துடும், சட்டுனு அடி!" என்று கூட ஆடுகிறவர்கள் கத்துவார்கள். சில நாள் விழும். சில நாள் விழாது.

கோப்பைக்குப் பிறகு வந்த வசந்தத்தில், அடிகளை எண்ணுகிற ஊர்ப் போட்டிக்கு அவள் பல வருஷங்களுக்குப் பிறகு பேர் கொடுத்தாள். ஒன்பதாம் குழியில் வெகு பக்கத்திலிருந்தே மூன்று முறை உருட்ட வேண்டியதாயிற்று. மொத்தத்தில் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி இடம் பாதிரியாருடைய மனைவிக்கு. அந்த அம்மாள் நெட்டாவை ஓரமாக அழைத்து, "எனக்கும் உங்களை மாதிரியேதான், வெளிய சொன்னதில்ல" என்றாள். இருவரும் ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டியை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு சுவர் மேல் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டார்கள்.