கதவு திறக்காத தெரு

செவிலிமேட்டில் தனியாக வாடகைக்கு இருந்தேன். வாங்கிக் குவித்த கேம் சிடிக்களை விடுமுறை நாட்களில் ஒவ்வொன்றாக ஆடி முடிப்பேன். எதில் லெவலை, அதாவது ஆட்டம் நடக்கும் இடத்தை, நன்றாக அமைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிடுவதுதான் என் பைத்தியம். தெரு நிறைய வீடுகளைக் காட்டிவிட்டு ஒரு கதவுகூடத் திறக்காவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சோம்பேறிப் பசங்க" என்று திட்டுவேன்.

ஒரு கேமில் நாமே லெவல் கட்டலாம். எங்கள் தெருவையே கட்டினேன். அதில் பெருமையாக நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து கத்தினார்.

"டேங்க் ரொம்பி வழிஞ்சிக்கினு இருக்குதுபா!"

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தால், அவர் உள்ளே வந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம தெருவா இது? எங்க வூட்டுக் கதவைத் தொறபா, பாக்கலாம்."

"அது தொறக்காதுக்கா. வெறும் படம்தான்."

"ஏன்?"

"உள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அதுக்கென்னா, வந்து பாரு" என்றார் சாதாரணமாக.

போனேன். டீ கொடுத்தார். திரும்பி வந்து அந்த ஒரு கதவை மட்டும் திறக்கும்படி செய்தேன். மற்றவை படங்களாகவே நின்றன. திட்ட வேண்டிய சோம்பேறி யாரென்று இந்த முறை தெரிந்திருந்தது.